முள்ளுக்கரண்டி வராத மூலைக் கடை

கோயம்புத்தூரிலிருந்து பாரிஸுக்கு ஊர் சுற்றப் போகிறவர்கள் உண்டு, தேனிலவுக்குப் போகிறவர்கள் உண்டு. நான் திட்டு வாங்கப் போனேன். எங்கள் கம்பெனி வெட் கிரைண்டர் செய்கிறது. பாரிஸில் தமிழர் கடைத்தெருவான லா ஷப்பலில் மளிகைக் கடை வைத்திருக்கும் சேகர் என்ற இலங்கைத் தமிழருக்கு ஒரு கன்டெய்னர் நிறைய அனுப்பியிருந்தோம். வாங்கியவர்கள் வீட்டில் எல்லாம் மோட்டார் கருகுகிறது என்று அவர் போனில் கத்தினார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீங்க போனா சத்தம் கொறையுமுங்க மேடம்" என்றார். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, பாதி ஆயுள் விற்பனைப் பிரிவில் போய்விட்டது. பிறர் செய்த தவறுக்கு முகம் கோணாமல் திட்டு வாங்குவதில் எங்கள் கம்பெனியில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மாதிரிக்கு ஒரு குழவிக்கல்லையும் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். பாரிஸ் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி கல்லைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். நான் கையைச் சுழற்றி மாவாட்டிக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, ஒதுங்கி வழிவிட்டார். அது 2016 அக்டோபர். வெளியே வந்ததும் குளிர் என் காதைப் பிடித்துத் திருகியது.

சேகர் அழைத்துப்போக வந்திருந்தார். நேரில் பார்த்தால் கத்துகிற ஆளாகவே தெரியவில்லை. "ஹோட்டல் ஒண்டும் வேண்டாம். எங்கட புவனா அக்காவும் அத்தானும் போன கிழமைதான் ஒரு பார் திறந்தவை. அதுக்கு மேலை ஒரு அறை சும்மா கிடக்குது" என்றார். பார் என்றதும் என் கண்ணில் வந்தது எங்கள் ஊர் மதுக்கடைக்குப் பின்னால் இருக்கும் பச்சைத் தார்ப்பாய்க் கொட்டகையும் பிளாஸ்டிக் டம்ளரும்தான். வீட்டுக்காரரிடம் போனில், "ரூம் சௌகரியமா இருக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

உண்மையில் அது வேறு மாதிரி. ரூ பஜோல் என்ற தெருவுக்குப் பக்கத்துச் சந்தின் மூலையில் இருந்ததால் தமிழர்கள் அதை மூலைக் கடை என்றார்கள். காலையில் காப்பி, மதியம் சாப்பாடு, மாலையில் வைன் என்று ஒரு தெருவே வந்து உட்காரும் இடம். வளைந்த தகரக் கவுன்டர், மங்கிய கண்ணாடி, தேய்ந்த மர நாற்காலிகள். பழைய பிரெஞ்சுத் தம்பதி சொந்த ஊருக்குப் போய்விட்டதால் இரண்டு வருடம் பூட்டிக் கிடந்ததாம். அதைப் புவனாவும் அவர் கணவர் நவம் அண்ணனும் எடுத்து, சாயம் அடித்து, பிள்ளையார் படம் மாட்டி மறுபடி திறந்திருந்தார்கள்.

திறந்த அன்று வாசலில் குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைத்திருக்கிறார்கள். நடைபாதையில் சிவப்பாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் போலீசுக்குப் போன் செய்துவிட்டாள். இரண்டு போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு வந்து பூசணிக்காயை விசாரித்தார்கள். புவனா ஆளுக்கு இரண்டு உளுந்து வடை கொடுத்து அனுப்பினாராம். அந்தக் கடை திறந்த வாரத்தில் ஒழுங்காகப் பரிமாறப்பட்டவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான் என்பது எனக்கு மறுநாளே தெரிந்தது.

திங்கள் மதியம் கீழே இறங்கி ஒரு மேசையில் உட்கார்ந்தேன். காந்திபுரத்து ஓட்டல்களில் நாம் முழுதாக உட்காருவதற்குள் தண்ணீர் டம்ளர் மேசையில் வந்து மோதும். பாதி சாப்பிடும்போதே அடுத்த ஆள் நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று நம் சாம்பாரை அளவெடுப்பான். இங்கே யாரும் வரவில்லை. கவுன்டரில் புவனா ஒரே ஆளாகக் காப்பி மெஷினோடும் வைன் பாட்டிலோடும் போராடிக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதில் அடிக்கடி ஒரு முகம் தெரியும். நான் பார்த்தால் மறைந்துவிடும்.

பக்கத்து மேசையில் ஒரு பிரெஞ்சுப் பெரியவர் என்னைப் போலவே காத்திருந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, கழுத்தில் கட்டம் போட்ட துண்டு. திடீரென்று கதவு ஒரு முழம் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கதவோரத்து மேசையில் ஒரு தட்டை வைத்து, மணியைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. தட்டில் ஆவி பறந்தது. அது யாருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் அவரே எழுந்து போய்த் தட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்து, ராணியின் முன் குனிவது போல் குனிந்தார். முள்ளுக்கரண்டி வரவில்லை. நமக்கென்ன, கை இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோழியும் காளானும் போட்டு, பாலாடை சேர்த்த வெள்ளைக் குழம்பு. உறைப்பு இல்லை, மஞ்சள் இல்லை, தாளிப்பு இல்லை, கொங்கு நாட்டில் இதைக் காய்ச்சலில் கிடப்பவர்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் வாயில் வைத்தேன். பிறகு தட்டை நக்காத குறை. ரொட்டியால் துடைத்துத் துடைத்துத் தின்றேன். இத்தனை பக்குவமாகச் சமைக்கிற கை ஏன் கதவுக்கு வெளியே மணிக்கட்டு வரைதான் வருகிறது என்பது விளங்கவில்லை.

பெரியவரின் தட்டு ஆறிப்போன பிறகுதான் வந்தது. அவரும் முள்ளுக்கரண்டி கேட்டார், கவுன்டரைப் பார்த்துக் கேட்டார், கதவைப் பார்த்துக் கேட்டார், கூரையைப் பார்த்தும் ஒரு தடவை கேட்டார். பிறகு ரொட்டியால் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தார். புவனாவிடம் ஏதோ சொன்னார். போன பின், "என்ன சொன்னாருங்க?" என்றேன்.

"லூயி எண்டு பேர், அக்கா. ரயில் ஓட்டினவர், இப்ப பென்சன். முந்தி இந்தக் கடையிலை தினமும் இருந்தவர். 'மேடம், உங்கட கடையிலை பேய் இருக்குது. பேய் நல்லாச் சமைக்குது. ஆனா நான் மனுசரோடை சாப்பிட்டுப் பழகினவன்' எண்டிட்டுப் போறார்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புவனா சிரிக்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போனேன். அங்கே நவம் அண்ணனும் அவருடைய கூட்டாளி தேவனும் லூயியின் மிச்சத் தட்டை விளக்கடியில் பிடித்துக்கொண்டு, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர்கள் மாதிரி நின்றார்கள். நவம் அண்ணன் விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"பாதிக்கு மேலை விட்டிட்டார். சோஸ் கொஞ்சம் தடிச்சுப் போச்சுது."

"எலுமிச்சம்புளி காணாது அண்ணை" என்றார் தேவன்.

"இல்லீங்க, அவருக்கு முள்ளுக்கரண்டி வரலீங்க" என்றேன் நான். இருவரும் மரியாதையாக என்னைப் பார்த்தார்கள். "ஓம் அக்கா, நாளைக்குச் சோஸ் சரியாயிருக்கும்" என்றார் நவம் அண்ணன்.

செவ்வாய்க்கிழமை சோஸ் இன்னும் அருமையாக இருந்தது. லூயி முந்தின நாளைவிட நீண்ட நேரம் காத்திருந்தார். அவர் கேட்டது வெங்காய சூப். கதவோரத்து மேசைக்கு வந்தது ஆப்பிள் பணியாரம். சூப்பும் கோழியும் பணியாரமும் காப்பியும் ஒரே சமயத்தில் வரிசையாக வந்து நின்றன. நம் ஊர் இலைக்கு இது நியாயம்தான், எல்லாவற்றையும் வைத்த பிறகுதான் கையே நனைப்போம். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒன்றை முடித்து, வாயைத் துடைத்து, அரசியலைத் திட்டி, பிறகுதான் அடுத்தது. லூயி பாதியை விட்டுவிட்டுப் போனார். உள்ளே மறுபடி விளக்கடியில் தட்டு. "பணியாரத்துக்கு வெண்ணெய் காணாது" என்று தீர்ப்பாயிற்று.

அந்தக் கடையில் லூயி குறை சொல்லாத விஷயம் ஒன்றே ஒன்று. புவனா வைனைக் கண்ணாடிக் கிளாசின் விளிம்புவரை ஊற்றுவார். பிரெஞ்சு வழக்கம் கால் கிளாஸ். "காவாசி ஊத்திக் குடுத்தா வந்த சனம் என்ன நினைக்கும்? பிசினாறி எண்டெல்லே நினைக்கும்" என்பது புவனாவின் வாதம். லூயி கிளாசைத் தூக்க முடியாமல், மேசைக்கு வாயைக் கொண்டுபோய் முதல் மிடறை உறிஞ்சுவார்.

அன்று மாலை கிரைண்டர் புகார்களைக் கேட்டு நொந்து வந்து, எனக்கு ஒரு பியர் வேண்டும் என்றேன். மாலையில் வேலை முடிந்து வருகிற தமிழ் ஆண்கள் கடையின் கடைசி மேசைகளில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோயிலுக்குப் போகிற அக்காமார் கண்ணில் படக்கூடாதாம். நான் பியர் கேட்டதும் அத்தனை முதுகும் நிமிர்ந்தன. கதவுக் கண்ணாடியில் தேவனின் முகம் வந்தது, பயந்து மறைந்தது. சற்று நேரத்தில் பியர் வந்தது, எவர்சில்வர் டம்ளரில், மேலே ஒரு தட்டு போட்டு மூடி. மோர் குடிப்பது போல அடக்கமாகக் குடித்தேன்.

புவனா வந்து எதிரில் உட்கார்ந்தார். "சிரிக்காதையுங்கோ அக்கா. எனக்குச் சிரிப்பு வரேல்லை" என்றார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. நவம் அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய உணவகத்தில் சமைத்தவர். அந்த வேலையை விட்டுத்தான் இந்தக் கடையை எடுத்தார். பழைய முதலாளி, இவர்கள் பாஷையில் பத்ரோன், அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. சனிக்கிழமை போன் செய்து கேட்பாராம், திரும்பி வருகிறாயா என்று.

"இவர் சனிக்கிழமை சொல்லுறன் எண்டிட்டார். லூயிக்குப் பின்னாலை இந்தத் தெருவிலை ஒரு கூட்டம் இருக்குது அக்கா. வியாழக்கிழமையிலை கார்ட்ஸ் விளையாடுற ஆக்கள். அவர் இருந்தா அவையும் இருப்பினம், அவர் போனா ஒருத்தரும் வராயினம். இது சரிவராட்டி இவர் திரும்பப் போறார்."

"போகட்டுமே, சம்பளம் வருதல்ல?" என்றேன், விற்பனைக்காரப் புத்தி.

"அந்தக் குசினி நிலத்துக்குக் கீழை அக்கா. யன்னல் இல்லை. விடியப் போனா இருட்டினாப் பிறகுதான் மேலை வருவார். எங்கட பிள்ளை வளந்ததை இவர் அவளின்ர நித்திரையிலைதான் பாத்தவர்." அந்தப் பிள்ளை இப்போது ஏதோ ஒரு அலுவலகத்தில் பெரிய வேலையில் இருக்கிறாள். கடையில் வந்து தட்டு தூக்குகிறாயா என்று கேட்டதற்கு, "நோ, பாப்பா" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டாளாம். டம்ளரில் மிச்சமிருந்த பியர் எனக்குக் கசந்தது. பியர் கசக்கத்தான் செய்யும், ஆனால் இது வேறு கசப்பு.

புதன்கிழமை லூயி வந்ததும் உட்காரவே இல்லை. கவுன்டரில் நின்றபடி புவனாவிடம் சொன்னார். தன் சீட்டாட்டக் கூட்டாளிகளில் மூன்று பேரை இங்கே அழைத்து வரலாமா என்று பார்க்கிறாராம், அதற்கு முன் நாளைக்குத் தனியாக வந்து கடைசியாக ஒரு முறை சாப்பிட்டுப் பார்ப்பாராம். நான் ஓடிப்போய் நவம் அண்ணனிடம், "அண்ணா, நாளைக்கு நீங்களே வெளியில வந்து கேட்டுப் பரிமாறுங்க" என்று கெஞ்சினேன். "ஓம் அக்கா" என்றார். உடனே தேவனைப் பார்த்து, "நாளைக்குக் கோழியை இரவே ஊறப் போடுவம்" என்றார்.

வியாழன் மதியம் கிரைண்டரை எல்லாம் சேகர் தலையில் கட்டிவிட்டு நான் மூலைக் கடையில் இருந்தேன். என் மாமனாருக்கு ஆபரேஷன் நடந்தபோதுகூட நான் இப்படி உட்காரவில்லை. லூயி வந்தார், உட்கார்ந்தார், கைக்குட்டையை மடியில் விரித்தார். கண்ணாடியில் நவம் அண்ணனின் முகம் வந்தது. கதவு கொஞ்சம் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஒரு கால் வெளியே வந்தது, வெள்ளைச் செருப்போடு. அந்தக் காலை நான் என் கண்ணாலேயே பிடித்து இழுக்கப் பார்த்தேன். கால் உள்ளே போய்விட்டது. ஒரு கை வந்தது, தட்டை வைத்தது, மணியைத் தட்டியது.

லூயி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. வாசலுக்குப் போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராகச் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். புவனா பின்னால் ஓடினார். வேடிக்கை பார்க்கிற புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு, நானும் போனேன்.

தேவன் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நவம் அண்ணனுக்கு ஒளிய இடமில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, கையில் அகப்பையோடு நிமிர்ந்து நின்றார். லூயி உரக்கப் பேசினார். நவம் அண்ணன் தணிந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். லூயியின் வாய் திறந்தபடி நின்றது. புவனா என் காதில் சொன்னார்:

"'உங்களுக்கு எங்களைக் கண்டா என்ன பிரச்சினை? ஏன் ஒருத்தரும் வெளியிலை வாறியள் இல்லை?' எண்டு அவர் கேக்கிறார். இவர் 'இண்டைக்குச் சோஸ் சரியோ மஸ்யே?' எண்டு கேக்கிறார்."

லூயி குரலைத் தணித்தார். பிறகு சொன்னது இது: "மஸ்யே, உங்கள் சோஸ் திங்கட்கிழமையே சரியாகத்தான் இருந்தது. நான் கோபத்தில் விட்டுவிட்டுப் போனேன்."

நவம் அண்ணன் அகப்பையைக் கீழே வைத்தார். அப்போதுதான் மனிதர் பேசினார், பிரெஞ்சில் பாதி, எனக்காகத் தமிழில் பாதி. பழைய இடத்தில் சமையலறை கீழே, சாப்பாட்டுக் கூடம் மேலே. சமையலறையை இவர்கள் குசினி என்பார்கள், கூடத்தைச் சால் என்பார்கள். தட்டுகள் ஒரு சின்ன லிப்டில் மேலே போகும். வெறும் தட்டு அதே லிப்டில் கீழே வரும்.

"ஆர் சாப்பிட்டவை, என்ன சொன்னவை எண்டு எங்களுக்குத் தெரியாது அக்கா. தட்டைப் பாத்துத்தான் விளங்கிக்கொள்ளுறது. வழிச்சுத் துடைச்சிருந்தா நல்லாயிருந்தது. மிச்சம் இருந்தா ஏதோ பிழை. வேறை ஆரைக் கேக்கிறது? நான் வந்த புதிசிலை ஒரு நாள் மேலை சரியான சனம். ஆள் காணாதெண்டு நானே ரெண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு சாலுக்குப் போனனான். பத்ரோன் எல்லாற்றை முன்னாலையும் தோளிலை பிடிச்சுத் தள்ளினவர். உன்ர முகம் இஞ்சை வரக்கூடாது, கீழை போ எண்டு. அதுக்குப் பிறகு நான் மேலை போகேல்லை."

"நானும்தான்" என்றது குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருந்து ஒரு குரல். தேவனும் அதே இடத்துக் கை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இந்த ஆளைப் பார்த்தா இத்தனை நாள் விழுந்து விழுந்து சிரித்தேன் என்று இருந்தது. முன்பின் தெரியாத அந்தப் பத்ரோனை, கோயம்புத்தூர்ப் பஸ் ஸ்டாண்டில் மட்டுமே பயன்படும் சொற்களால் திட்டினேன். யாருக்கும் விளங்கவில்லை, ஆனால் லூயி தலையாட்டி ஆமோதித்தார்.

பிறகு அவர் உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். வெளியே ஆறிக்கொண்டிருந்த தட்டை எடுத்துவரச் சொல்லி, ஒரு மரக்கரண்டியால் சாப்பிட்டார். நவம் அண்ணன் எதிரில் நின்று அவர் வாயையே பார்த்தார். லூயி விழுங்கினார், கண்ணை மூடினார், ஏதோ முனகினார். ஒரு மனிதன் தன் சமையலை ஒரு வாடிக்கையாளர் சாப்பிடுவதை அந்த வயதில் முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை.

தட்டைத் துடைத்து முடித்த லூயி, நல்ல சாப்பாடு, ஆனால் தன் கூட்டாளிகளுக்கு முட்டி வலி, பெட்டி மேல் உட்கார மாட்டார்கள், நீங்கள்தான் வெளியே வரவேண்டும், சனிக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். நவம் அண்ணன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"வெளியிலை போனா இந்தக் கையை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை அக்கா. அகப்பை இல்லாட்டி நான் ஆரெண்டே எனக்குத் தெரியேல்லை."

"எங்க ஊர்ல பரோட்டா மாஸ்டர் கல்லோட வாசல்லயே நிப்பாருங்க. ரோட்டுல போறவனெல்லாம் அவரைத்தான் மொதல்ல பாப்பான். மொதலாளிதான் உள்ள புழுக்கத்துல கெடப்பாரு" என்றேன். சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். நவம் அண்ணன் கதவுக் கண்ணாடி வழியாகக் கவுன்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை என்னைத் தொலைத்த நாள். பியர்ஃபித் என்ற புறநகரில் ஒரு வீட்டில் கிரைண்டர் பார்க்க வேண்டியிருந்தது. கைப்பையில் குழவிக்கல்லோடு நானாகவே ரயில் ஏறினேன். ஏறியது நிற்காமல் போகிற ரயில். பியர்ஃபித் ஜன்னல் வழியாகக் கையசைத்துவிட்டுப் பின்னால் போனது. பக்கத்து இருக்கை ஆப்பிரிக்க அம்மாள் என் பதற்றத்தைப் பார்த்து, இறக்கிவிட்டு, எதிர்த் தடத்தில் ஏற்றிவிட்டு, என் பையைத் தூக்கிப் பார்த்துத் திகைத்து, "உள்ளே என்ன, உன் புருஷனா?" என்று அபிநயத்தோடு கேட்டாள். போய்ச் சேர்ந்தால், மோட்டார் கருகிய கதை சுலபமாக விளங்கியது. அந்த வீட்டு அம்மா உளுந்தைப் போட்டு ஓடவிட்டு, பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர பஸ் ஏறிப் போய்விடுகிறார். இங்கே எல்லோர் வீட்டிலும் அதே கதைதான். தானாக நிற்கும் சுவிட்ச் வைத்துத் தருகிறோம் என்று எங்கள் முதலாளியைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது மூலைக் கடைக்குள் தேவன் கவுன்டரின் ஒரு பாதியைக் காலி செய்துகொண்டிருந்தார். பாட்டில்கள் எல்லாம் தரையில். சேகர் தன் கடையிலிருந்து இரண்டு மின்சார அடுப்புகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார். புவனா தலையில் கை வைத்துக்கொண்டு, "என்னப்பா இது, பார் எண்டு சொல்லி அன்னதான மடம் ஆக்கிறியள்" என்று கத்தினார். நவம் அண்ணன் கேட்காத மாதிரி வயரைச் சொருகினார். நான் சொன்னது இவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இது விளங்காமல் போனால் அந்தப் பழி எனக்கு.

சனிக்கிழமை மதியம் கவுன்டரின் மேல் மூன்று பெரிய பானைகள். பின்னால் நவம் அண்ணன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் அகப்பை. முதலில் யாராவது உள்ளே வரும்போதெல்லாம் அவர் தோள் கதவுப் பக்கம் திரும்பியது. ஆனால் குழம்பு அடிப்பிடிக்கக் கூடாதே, கிண்டித்தானே ஆக வேண்டும். கிண்டக் கிண்ட மனிதர் அங்கேயே நின்றுவிட்டார். லூயி தன் மூன்று கூட்டாளிகளோடு வந்து, தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பானைக்கு முன்னால் போய் நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். தேவன் இரண்டு கையிலும் கொத்தாக முள்ளுக்கரண்டிகளை வைத்துக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் திணித்தார்.

அதன் பிறகு வந்தது வேறு தொல்லை. நவம் அண்ணனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. யாருடைய தட்டாவது பாதி காலியானால், அகப்பையோடு கவுன்டரைத் தாண்டி வந்து இன்னும் ஊற்றினார். பிரெஞ்சுக்காரர்களுக்குப் போதும் என்று சொல்லத் தெரியவில்லை. அவர்கள் நன்றி சொல்லச் சொல்ல, இவர் இன்னும் ஊற்றினார். கடைசியில் நான் எழுந்து, நம் பந்தியில் இலையை மறைப்பது போலத் தட்டின் மேல் இரண்டு கையையும் கவிழ்த்துக் காட்டினேன். நான்கு பெரியவர்களும் அதை ஒரு தடவை சேர்ந்து பழகினார்கள். எதிர்வீட்டு அம்மாள், பூசணிக்காய்க்குப் போலீஸ் கூப்பிட்டவள், அவளும் வந்திருந்தாள். அவள் தட்டை மறைக்கவே இல்லை, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

கூட்டம் நிறைந்திருந்த வேளையில் சுவரில் இருந்த போன் அடித்தது. புவனாவின் கையில் இருந்த பாட்டில் அப்படியே நின்றது. நவம் அண்ணனின் அகப்பையும் நின்றது. அது யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நவம் அண்ணன் சட்டையில் கையைத் துடைத்தார். போகப் போகிறாரா, இல்லாவிட்டால் அந்தக் கையைத் துடைத்தது எதற்கு?

போனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் லூயி. பழைய கடையில் அந்தப் போனை எடுப்பது அவர் வழக்கமாம், யாரும் சொல்லாமலே எடுத்துவிட்டார். கேட்டார். போனின் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நவம் அண்ணனைப் பார்த்து ஏதோ கத்தினார். எல்லாத் தலையும் திரும்பின. நவம் அண்ணன் பானையைப் பார்த்தார், எதிரே தட்டு நீட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாளைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, அந்த வாரம் முழுக்க நான் கேட்டிராத குரலில் பதில் சொன்னார்.

லூயி அதை அப்படியே போனில் சொல்லிவிட்டு வைத்தார். கடை முழுக்கக் கைதட்டினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னங்க, என்ன சொன்னாரு?" என்று புவனாவின் கையைப் பிடித்து உலுக்கினேன். புவனா பாட்டிலைக் கீழே வைத்தார்.

"பத்ரோன் கேட்டவராம், 'அவன் எங்கை, குசினிக்குள்ளையோ?' எண்டு. இவர் சொல்லுறார் அக்கா, 'நான் சாலிலை நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. சனம் சாப்பிடுது.'"